கேட்பாரற்ற பொருள்

கடைசி நடை முடித்து, பாபநாசம் டிப்போவில்
விளக்கணைக்கப் போகையில் கண்டேன்:
பின்சீட்டுக்கு அடியில், டயர் மேட்டில் சாய்ந்து
ஒரு மஞ்சள் பூசணி.
சேரன்மகாதேவி வளைவில் உருண்டது இதுதானா!
யாருடைய தூக்குச்சட்டியோ என்றிருந்தேன்.

நேரக்காப்பாளர் பதிவேட்டில் எழுதினார்:
'பூசணி, ஒன்று. சுமார் ஆறு கிலோ. காம்பு உண்டு.'
குடைகள், ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட்டு,
இவற்றோடு மூன்று நாள் கிடந்தது.
'எடுத்துட்டுப் போயிரும்வே' என்றார் நாலாம் நாள்,
'அழுகுனா அதுக்கும் ஒரு மெமோ வரும்.'

பொன்சீலி அதைச் சாம்பாரில் போடவில்லை.
நாலு தவணை பாக்கியிருக்கும் ஓவனின்
துணியை விலக்கினாள்.
ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கக் காத்திருப்பு கிடையாது.
'இது அவசர ரொட்டி.'
அவித்து மசித்த பூசணியில்
உடன்குடிக் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ரெண்டு முட்டை.
சோடா தயிரைச் சந்தித்த நொடியில்
ஒரு சின்னச் சீறல்; காதை வைத்தால்தான் கேட்கும்.
'ரொம்பக் கிண்டாதீய, ரப்பராயிரும்.'
கையை எடுத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் நிமிடம் கரண்ட் போனது.
விக்கிரமசிங்கபுரம் முழுக்க இருட்டு.
கதவைத் திறக்கக் கூடாதாம், நடு அமுங்கிவிடுமாம்.
இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து
கண்ணாடியில் மாறி மாறிப் புறங்கை வைத்துப் பார்த்தோம்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
'எவ தேடிக்கிட்டு இருக்காளோ' என்றாள் இருட்டில்.

கரண்ட் வந்தது.
கழுவிய ஈர்க்கால் குத்தினாள்: ஈரம்.
பத்து நிமிடம் கழித்து: ஈரம்.
மூன்றாம் முறை ஒரு துணுக்கு மட்டும் ஒட்டியது.
'போதும். இன்னும் காஞ்சா ரஸ்க்கு.'
நடுவில் லேசாகப் பள்ளம்தான்.
ஆனால் வெட்டிய கத்தியில்
ஆற்றுமணல் போல ஈரத்துகள்.

மறுநாள் முதல் நடை. வீரவநல்லூரில் ஏறியவள்
உட்காரும் முன்பே கேட்டாள்:
'செவ்வாக்கிழம ராத்திரி, இந்த வண்டிலதான்,
ஒரு பூசணிக்கா...'
மதியத்துக்கென்று பையில் ரெண்டு துண்டு இருந்தது.
ஒன்றை எடுத்து நீட்டினேன். வேறென்ன செய்ய?
டிக்கெட் வாங்குவதுபோல இரு விரலில் வாங்கி
முகர்ந்தாள். கடித்தாள்.
சேரன்மகாதேவி தாண்டும்வரை மென்றாள்.
எண்ணிய சில்லறையையே எண்ணிக்கொண்டு நின்றேன்.

'கருப்பட்டி ஒரு சொட்டு கூடிப்போச்சு' என்றாள்.
பிறகு, 'வெத எங்க?'

சாம்பல் பூசிக் காயப்போட்டிருக்கு, மாடியில, சுளகுல.

'பாதி எனக்கு. வியாழக்கிழம கொண்டாங்க.'
பத்தமடையில் இறங்கினாள்.
விரல் நக்கியபடி விசிலை ஊதினேன்;
இரண்டாம் துண்டு என் கையில் இருந்தது,
எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.