வரிசை

நாற்பது மீட்டர் உயரத்தில்
காற்று கிரேனைப் பிடித்து ஆட்டும்போது
நிதானமாக ரொட்டி மெல்லுகிற மனிதர்
எங்கள் நாற்காலியில்
ஓர் அடி உயரத்தில் நடுங்கினார்.

பெயர் போகுமில். கிதினியாத் துறைமுகம்.
வலது கடைவாயில் இரண்டு, இடதில் ஒன்று.
பதினோரு வருடம்
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததில்
கடிக்கப் பல்லில்லாமல் வந்திருந்தார்.

டாக்டர் யகோதா எந்தக் கருவியையும் தொடவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
துணிக்கடையில் விரித்துப் போடுவதுபோல்
ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஈறில் களிம்பு தடவி ஓர் ஊசி.
அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்,
நீங்கள் முழுசாக விழித்திருப்பீர்கள்.
முழுசாக வேண்டாம் என்றார்.
மூக்கில் ஒரு மூடி, சிரிப்பு வாயு.
கழற்றிய சில நிமிடத்தில் தெளிந்துவிடும்.
சிரிப்பா, இங்கேயா?
வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வரலாம்.
இல்லையென்றால் கை நரம்பு வழியாக மருந்து:
தூக்கமில்லை, தூக்கத்தின் வாசற்படி.
சொன்னதைக் கேட்பீர்கள், திற என்றால் திறப்பீர்கள்,
அநேகமாக அப்புறம் ஞாபகம் இருக்காது.
முழு மயக்கம் ஆஸ்பத்திரியில்தான்,
மூன்று பல்லுக்கு அது
கொசுவுக்குப் பீரங்கி.

ஞாபகம் இருக்காதா என்று
இரண்டு முறை கேட்டார்.
மூன்றாவது முறை கேட்டபோது
அது கேள்வியாக இல்லை.

பனி பெய்த வியாழக்கிழமை
கொழுந்தி ஹால்ஷ்காவைக் கூட்டி வந்தார்.
துணைக்கு ஆளில்லாமல் இந்த மருந்து கிடையாது.
அவள் பிளாஸ்கோடும் குறுக்கெழுத்துப் புத்தகத்தோடும்
வெளியே உட்கார்ந்தாள்.
நாளை மாலைவரை கிரேன் ஏற மாட்டேன் என்ற தாளில்
கையெழுத்துப் போடத்தான் தயங்கினார்.

விரல் நுனியில் ஒரு கவ்வி,
திரையில் தொண்ணூற்றெட்டு.
மயக்க மருத்துவர் செவெரின்
கொஞ்சம் ஏற்றினார், பார்த்தார், இன்னும் கொஞ்சம்.
நாற்காலியின் கைப்பிடியிலிருந்து
விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.
பிறகு ஈறில் ஊசி. முகம் சுளிக்கவில்லை.
அது மரக்கும்வரை காத்திருந்த ஏழு நிமிடத்தில்
அவர் என்னிடம் பேசினார்.

இரண்டாம் வகுப்பு.
மாடியில் பல் டாக்டர் அறை.
காலால் மிதித்து ஓட்டுகிற துளைக்கருவி,
நடைகூடம் முழுக்க வரிசை.
என் முறை வந்தது, காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.
பின்னால் நின்ற வாட்செக்கை உள்ளே அனுப்பினார்கள்.
கதவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.
அது என் சத்தம்.
அவன் வாயிலிருந்து வந்தது.

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார்.
கதவில் யாரும் இல்லை.
வாட்செக், நீ உட்காரு,
இன்றைக்கு நான் போகிறேன் என்றார்.
யாரும் கேட்காமலே
வாயைத் திறந்தார்.

மூன்று பல், நாற்பது நிமிடம்.
என் ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய்,
மற்றது அவர் தோளில்.

எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார்
பஞ்சைக் கடித்தபடி.
டாக்டர் தட்டைக் காட்டினார்.
தன் பற்களை அவர் பார்த்த விதம்
வேறு யாரோ விட்டுப்போன சாவிக்கொத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.
நான் ஏதாவது உளறினேனா?
இல்லை என்றேன்.
கருவிகளைக் கழுவிக் கொதிகலனில் அடுக்கினேன்.
இதை எங்கே அடுக்குவது?

நான்கு மாதம் கழித்து
ஒரு சொத்தையை அடைக்க வந்தார்.
நரம்பு மருந்து வேண்டாம், ஊசி மட்டும் போதும்.
ஏன் என்றதற்குத் தெரியவில்லை என்றார்.
காத்திருக்கும் அறையில்
பள்ளிப் பையோடு ஒரு சிறுமி,
அம்மாவின் கோட்டுக்குள் முகம் புதைத்திருந்தாள்.
வரிசைப்படி அவள்தான் அடுத்து.
நான் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன்
போகுமில் எழுந்துவிட்டார்.

காரணம் கேட்காமலே சொன்னார்,
வண்டியை நிறுத்திய இடத்தில்
பதினைந்து நிமிடத்துக்குத்தான் சீட்டு.

நாற்காலியில் சாய்ந்தபோது
கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்றேன்.
எந்தக் கை இடது
என்று கேட்டார்.