பதினோராம் பக்கத்து ஜன்னல்

எலாதியோவுக்குப் பத்து வயது.
சால்தோ நகரத் தெருவிளக்கடியில் நின்று
படிக்க வேண்டும். கையில் புத்தகம் கட்டாயம்,
என்றது பதிப்பகம்.

நீலம் குழைத்துக்கொண்டிருந்தபோது
அவர் தம்பி ஃபோனில் வந்தார்.
"படித்தானா? அண்ணனா?
விளக்கைச் சுற்றும் ஈசல் பிடித்துத்
தவளைக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.
புத்தகம் என்னுடையது.
அதையும் சர்க்கஸ் டிக்கெட்டுக்கு விற்றுவிட்டான்.
கடைசி அத்தியாயம்
இன்னும் எனக்குத் தெரியாது."

சிரித்தார். பிறகு இருமினார்.

சொன்னபடியே வரைந்தேன்:
விளக்கு, சிறுவன், விரித்த புத்தகம்.
காலடியில் ஒரு தவளை, அதற்குத் தனிக் கூலி இல்லை.
மேல்மாடி ஜன்னலில்
நகக்கண் அளவுக்கு
இன்னொரு முகம்.

பதிப்பகம் கவனிக்கவில்லை.
நேற்று நூலகத்தில் ஒரு சிறுமி
ஆரஞ்சுப் பிசுக்கு ஒட்டிய விரலை
நேரே அங்கேதான் வைத்தாள்:
"இவனுக்கு ஏன் தூக்கம் வரல?"