உயரமாக வெட்டுதல்

ஃபோர்சித்தியா மஞ்சளாகும் வாரம்
மருந்து தூவ வேண்டுமென்று
டேட்டன் நகரத்து வென்டெல் க்ராப்புக்குத் தெரியும்.
இந்த வருடம் அந்த வாரம்
நீதிமன்றத்தில் இருந்தார்,
வீடு யாருக்கு என்ற வழக்கு.

வீடு அவருக்கு.
ஜூலையில் நண்டுப்புல்லும் அவருக்கு.

தபால்பெட்டியடியில், நடைபாதை வெடிப்பில்,
லொரேனின் கார் நின்று நின்று
இறுகிப்போன செவ்வகம் முழுக்க
காலைப் பரப்பிக் குந்தியிருக்கிறது.

முட்டி போட்டுப் பிடுங்குகிறார்.
கணுவுக்குக் கணு வேர்.
முழம் நீளம் கையோடு வருகிறது,
மிச்சம் மண்ணிலேயே அறுந்து நிற்கிறது.

"உயரமாக வெட்டுங்கள்,
நிழலில் முளைக்காது.
விதைப்பதைச் செப்டம்பரில் பார்க்கலாம்"
வேலிக்கு அப்பாலிருந்து ஐலீன்.

தலையாட்டுகிறார்.
புல்வெட்டியின் சக்கரத்தை ஒரு படி ஏற்றி
தோட்டம் முழுக்க ஓட்டுகிறார்,

செவ்வகத்தை மட்டும்
சுற்றிக்கொண்டு போகிறார்.
விதை உதிர
இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.