சாட்சி நேரம்

ஊபியில் நாலாம் மாடி எங்கள் சபை.
கீழே கார்களுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.
ஆராதனையில் எப்போதும் கொஞ்சம் தின்னர் வாசம்.
அங்கேதான் பாஸ்டர் ஞானாபரணம் சொன்னார்:
"மியூசியத்துக்கு மண்டை ஓடுகள் வந்திருக்கிறதாம்.
முக்கால்வாசி மாவு, மிச்சம் கற்பனை.
ஒரே ஒரு பல்லை வைத்து
ஒரு பாட்டனையே செய்துவிடுகிறார்கள்.
நம்ம சிஸ்டர் ஹெப்சிபாவுக்குத் தெரியாததா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பல் செய்கிறவள்.
ரோவல் ரோட்டில், ஜன்னலில்லாத அறையில்
இருபத்திரண்டு வருடம்.
மெழுகு, ஜிப்சம், இளஞ்சிவப்பு அக்ரிலிக்.
முகம் தெரியாதவர் கடித்துக்கொடுத்த அச்சிலிருந்து
அவர் சிரிக்கப்போகும் சிரிப்பைச் செதுக்குவேன்.
பொய்ப்பல் மெய்ப்பல்லாகத் தெரிய
கொஞ்சம் கறை பூசவேண்டும்,
ஒரு முனையை லேசாகச் சிதைக்கவேண்டும்.
குறை இருந்தால்தான் நம்புவார்கள்.

சனிக்கிழமை வேனில் ஒன்பது பேர்.
எட்வின் பிரதர் டார்ச் எடுத்து வந்தார்.
வாசலில் ஐசியைக் காட்டி, வயதை நிரூபித்து,
முதியோர் சலுகையில் டிக்கெட் வாங்கினார் பாஸ்டர்.

முதல் கண்ணாடிப் பெட்டி.
பழுப்புத் துண்டுகள் ஏழெட்டு,
நடுவில் எல்லாம் வெள்ளை.
"இது மாவுதானே சிஸ்டர்?"
மாவுதான்.
"இது?"
அதுவும்.
ஆமென் என்றார் யாரோ, சத்தமாக.
பள்ளிச் சீருடையில் ஒரு மலாய்ப் பையன்
எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று.
வெள்ளையை அவர்கள் வெள்ளையாகவே விட்டிருந்தார்கள்.
நானாக இருந்தால்
அதற்கும் கறை பூசியிருப்பேன்.

ஐந்தாவது பெட்டியில் ஒரு கீழ்த்தாடை.
நகல் என்றே எழுதியிருந்தது.
பல் ஒன்றுகூட இல்லை.
எட்வின் பிரதர் டார்ச் அடித்தார், தேவையே இல்லாமல்,
அந்த வெளிச்சத்தில்தான் விளிம்பைப் பார்த்தேன்.

தேய்ந்த விளிம்பு.
வாரத்துக்கு நாலு வருகிறது எனக்கு,
பெயரும் புளோக் நம்பரும் ஒட்டிய பெட்டிகளில்.
பல் விழுந்த கையோடு செத்தவனுக்கு
குழி திறந்தே கிடக்கும்.
அதை மூட எலும்புக்கு மாதங்கள் வேண்டும்.
இப்படி மெழுகு வழிந்ததுபோலத் தாழ்ந்துபோக
வருடங்கள்.
இதைப் போலியாகச் செய்ய என்னால் முடியும்.
ஆனால் செய்யவேண்டுமென்று
யாருக்குத் தோன்றும்?

பல்லில்லாமல் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது,
இருந்திருக்கிறான், இருந்திருக்கிறாள்,
எந்த விகுதி போடுவது என்று தெரியவில்லை.
கஞ்சி இல்லை. பிளெண்டர் இல்லை.
பச்சை இறைச்சியும் கிழங்கும்.
யாரோ மென்று கொடுத்திருக்கவேண்டும்,
ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

அந்த வாய்க்கு ஆத்துமா உண்டா என்று
பாஸ்டரிடம் கேட்டால் பதில் வைத்திருப்பார்.
ஊட்டிய கைக்கு?
தேவசாயல் என்கிறோமே,
அது நெற்றியின் உயரத்திலா இருக்கிறது?

"என்ன சிஸ்டர், இதுவும் டூப்புதானே?"
"இதில் பல்லே இல்லையே பாஸ்டர்" என்றேன்,
"என் வேலைக்கு இதில் ஒன்றுமில்லை."
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு கேண்டீனில் கோப்பி, காயா ரொட்டி.
முனையைக் கோப்பியில் நனைத்து நனைத்துத் தின்றார் பாஸ்டர்.

ஞாயிறு, சாட்சி நேரம்.
மைக் வரிசை வரிசையாக வந்து
என் கையில் நின்றது.
கீழே யாரோ ஒரு கதவுக்கு
இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள்.
முட்டி வலி குறைந்திருக்கிறது,
கர்த்தருக்கு ஸ்தோத்திரம், என்று சொல்லி
பக்கத்திலிருந்த மேபலிடம் கொடுத்துவிட்டேன்.
பொய்யில்லை. வலி குறைந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை பெட்டி வந்தது.
கீழ்த்தாடை, முழுவதும் இல்லை, அவசரம்.
ஜிப்சம் ஊற்றி, இறுகக் காத்திருந்து, பிரித்தெடுத்து
கட்டைவிரலால் அந்த விளிம்பை
ஒருமுறை தடவினேன். இன்னொரு முறையும்.

புளோக் நம்பர் இருக்கிறது.
யார் ஊட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கவில்லை.
புதன்கிழமைக்குள் வேண்டுமாம்.