நிற அட்டை

லண்டன்பேட்டையில் இம்தியாஸ் பாயின் கடை.
தூறல் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது.
மேசைமேல் அவர் விரித்தார்
விசிறிபோல ஒரு நிற அட்டை.
நூற்றிருபது பட்டைகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்.

"இப்ப பெங்களூர் பார்ட்டியெல்லாம்
ஆட்டம் தீம்தான் கேக்கறாங்க."
"என்ன ஆட்டம்?" என்றாள் அம்மா.
இலையுதிர் காலம், என்றேன்.
"எந்த இலை?"
வெளியே புளியமரம் பச்சையாகவே நனைந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் இங்கே கேழ்வரகு கதிர் வாங்கும்.
அவரை பூக்கும்.
அணையில் மதகு திறந்தால்
மீன் வறுக்கும் புகை சாலைவரை வரும்.
உதிர்வதென்றால்
ஆயுத பூஜைக்கு மறுநாள்
எங்கள் காட்டுச் செண்டுமல்லியின் விலைதான்.
போன வாரம் கிலோ எட்டு ரூபாய்.
மூன்று மூட்டையைச் சாலையோரம் கொட்டிவிட்டு வந்தார் அப்பா.

அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்,
மஞ்சள் மட்டும் வேண்டாம்.
பத்து வயதிலிருந்து என் நகக்கண்ணில் இருப்பது
மேடையிலும் வந்து நிற்க வேண்டாம்.

மாதேஷ் அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தான்.
நிச்சயமாகி இரண்டு மாதமான அரை அடி.
இரண்டு பட்டைகளை அவன் முன்னால் வைத்தேன்,
அரக்குச் சிவப்பு ஒன்று, பாசிப்பச்சை ஒன்று.
எது?
திருப்பிப் பார்த்தான்.
"நாப்பத்தேழு."
நம்பர் கேக்கல, கலர் கேட்டேன்.

இம்தியாஸ் பாய் டீ சொல்ல எழுந்து போனார்.
அம்மா ஜரிகைத் தோரணத்தின் விலைச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அவன் குரலைத் தாழ்த்தினான்:
"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அப்புறம் அவசர அவசரமாக, டீ வருவதற்குள்,
ராயக்கோட்டை மண்டியில்
காயையும் பழத்தையும் ஒரே கிரேட்டில் போட்டு
அவன் அப்பாவிடம் அடி வாங்கியது.
ரயில்வே மருத்துவத் தேர்வில்
புள்ளிப் புத்தகத்தின் நான்காம் பக்கம்வரை போய்த் திரும்பியது.
பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் சேர்ந்தது.
அங்கே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி
விரலால் தடவி நரம்பு பார்ப்பானாம்.
இதுவரை தப்பியதில்லையாம்.

"உன்னைப் பாக்க வந்தன்னிக்கு
என்ன சேலைன்னு வீட்ல கேட்டாங்க.
நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னேன்."

அது கிளிப்பச்சை.
சிவப்புக் கரைக்காகவே ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தது.
இவன் பார்த்தது கரையே இல்லாத சேலை.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மறைத்தல்.
இதைவிடச் சின்னதுக்கு
சித்தியின் சம்பந்தம் ஒன்று முறிந்திருக்கிறது.
ஆனால் அவன் கட்டைவிரல்
நாற்பத்தேழைச் சுரண்டிக்கொண்டே இருந்தது,
எண் அழிந்துவிடும்போல.

சரி, உனக்கு எதுதான் தெரியும்?

விசிறியை வாங்கினான்.
தயங்காமல் இரண்டை உருவினான்.
ஒன்று மயில்கழுத்து நீலம்.
"இது நிக்குது."
இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தான்.
"இது கத்துது. எங்க இருந்தாலும் கேக்கும்."

செண்டுமல்லி மஞ்சள்.
என் நகத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு துளி வித்தியாசமில்லை, சனியன்.

"மஞ்சளே வேணாம்னியே?" அம்மா கேட்டாள்.
எட்டு ரூபாய்க்குப் போவுது, வீணா எதுக்கு, என்றேன்.
அம்மாவுக்கு மகள் திருந்திவிட்ட சந்தோஷம்.
"அப்ப ஆட்டம்?" என்றார் பாய், டீயை நீட்டியபடி.
ஆட்டமெல்லாம் வேணாம் பாய்.

அவனிடம் மட்டும் சொன்னேன்:
பூவை நான் தொடமாட்டேன்.
முகூர்த்தத்துக்கு முந்தின விடிகாலை நாலு மணிக்கு
நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு
காட்டில் இறங்கிப் பறிக்கவேண்டியது நீ.
தலையாட்டினான்.
பனி முழங்கால்வரை நனைக்கும் என்பது
அவனுக்கு இன்னும் தெரியாது.

அம்மா பஸ்ஸில் இடம்பிடிக்க முன்னால் ஓடினாள்.
ரவுண்டானாவில் லாரிகள் நின்றிருந்தன,
நனைந்த தார்சாலையில் சிக்னல் கரைந்து கிடந்தது.
எப்படித்தான் வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்டேன்.

"மேல எரிஞ்சா சிவப்பு."

கீழே எரிந்தால்?

"போலாம்னு அர்த்தம்."