ஒரு விழுக்காடு

ஜூன் பத்துக்கு மேல் எங்களுக்கு வேலை கிடையாது.
ஒழுகும் வீட்டுக்காரர்கள் அப்போதுதான் கூப்பிடுவார்கள்.
மழை விடட்டும் சேட் என்று
ஜெபமணி போனை வைத்துவிடுவான்.
ஈரச் சுவரில் எந்த மருந்தும் பிடிக்காது.

ஆன்டாப் ஹில், மூன்றாம் மாடி,
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்.
குதிக்கிற பொத்தான் உதிர்ந்துவிட்டது,
அந்தக் குழியில் தீக்குச்சியால் குத்திக் குதிப்போம்.

அதற்குள் எங்கள் உலகம்.
கட்டம் கட்டமாய் மண்,
ஏரிக்கரையில் நாங்களே எழுப்பிய மரவீடு,
சுரங்கத்தில் கொஞ்சம் செம்பு.
மேற்கே ஊதா நிலம்.

புல்தான் முதலில் நிறம் மாறும்.
பிறகு மண். பிறகு கல்லும்.
நேற்றுவரை பயந்து ஓடிய முயல்
இன்று பல்லோடு திரும்பிப் பார்க்கும்.
ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைத் தொடும்,
அது அடுத்ததை.
சத்தமே இருக்காது.
சாயங்காலம் நம்முடையதாக இருந்த மரம்
விடிந்தால் அந்தப் பக்கம்.

இது நம்ம லைன்தான்டா என்றான் ஜெபமணி.
கறை தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது.
மேலே, பக்கத்தில், நாலு வீடு தள்ளி
எவனோ குளியலறை ஓடு மாற்றியிருப்பான்.
கறையைச் சுரண்டுகிறவன் கத்துக்குட்டி.
நாங்கள் தண்ணீர் வந்த வழியே
பின்னால் நடக்கிறவர்கள்.

பள்ளம் தோண்டினோம்,
புல்லிலிருந்து பாதாளம்வரை நேராக.
மூன்று கட்டம் அகலம் போதும் என்றேன்.
சொசைட்டி செக்ரட்டரிக்கு கேரண்டி கொடுக்கிற மாதிரி
பேசாதே என்று ஆறு கட்டம் வெட்டினான்.
எட்டு ராத்திரி.
வெளியே கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர்,
உள்ளே நெருப்புக் குழம்பில் விழுந்து
பதினொரு முறை செத்தேன்.
செத்தவன் கட்டிலில் எழுந்துகொள்வான்,
காசு மட்டும் கீழே கிடக்கும்.

மரவீட்டு மாடியில் வனத்துக்காரி ஒருத்தி,
வாடகை தரமாட்டாள், கேட்டால் கணக்குச் சொல்வாள்.
உங்கள் உலகில் பதினான்கு விழுக்காடு கெட்டிருக்கிறது.
குரலில் வருத்தம் கிடையாது,
முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி.
பச்சைப் பொடி தூவினோம், தூவினோம். ஒன்பது.
ஒரு வாரம் கழித்து ஐந்து.
மறுநாள் ஆறு.

அப்போதுதான் அவன் கண்டுபிடித்தான்:
மூடிவைத்தால் அது பரவுவதில்லை.
யாராவது உள்ளே இருந்தால்தான் நகர்கிறது.
அப்ப மூடியே வச்சிருவோம் என்று
லேப்டாப்பின் மேல் அரிசிப் பையை ஏற்றினான்.
இரண்டு நாள்.
ஊதா நிலம் நின்றிருக்கும்.
ஏரியும் நின்றிருக்கும்.
நான் வாயே திறக்கவில்லை.
மூன்றாம் நாள் சோறு வடித்த கையோடு
அவனே பையை இறக்கினான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விழுக்காடு.
எங்கே என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.
பனிமலை, பாலைவனத்து அடிமணல்,
உலகம் முடிகிற கடலோரம்,
தீவட்டி நட்டு நட்டு நடந்தோம்.
அதற்கு ஒரு கட்டம் போதும்.
ஒரு முள் போதும்.

நேற்று வெயில்.
வடாலாவிலிருந்து போன், சயனிலிருந்து இரண்டு.
ஜெபமணி பாலிமர் டப்பாவைத் திறந்து
மோந்து பார்த்து, கெட்டுப்போகலை என்றான்.
தூரிகைகளைத் தேடிக் கட்டிலை நகர்த்தினால்
தலைமாட்டுச் சுவரில் கறை,
உள்ளங்கை அகலம், ஓரத்தில் உப்புப் பூத்து.
ஊர்ச்சுவரெல்லாம் தட்டுகிற நாங்கள்
நாலு வருஷமாய் இங்கேதான் தலைவைத்துத் தூங்குகிறோம்.

அவன் விரல்முட்டியால் தட்டினான்.
மேலே தட்டினான், காதை வைத்தான்,
ஜன்னல் பக்கமாய்த் தட்டிக்கொண்டே போனான்.

நான் லேப்டாப்பைத் திறந்து
மரவீட்டுக்குள் போய்,
செத்துச் செத்து எழுந்த அந்தக் கட்டிலுக்கு அடியில்
கடப்பாரையை இறக்கினேன்.
பலகை. மண். மண்.
பிறகு ஒரு கல்,
விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான்
நிறம் சொல்ல முடியும்.