வாசல் எத்தனை அங்குலம்

மட்டக்குளித் தொடர்மாடிக்குப் பின்னால்
முப்பத்தொரு பேர்ச் காணி.
உடைந்த கொமட் ஒன்று, இரண்டு நாய், ஒரு மாரா மரம்.
அளவு நாடாவின் ஒரு முனையை
அக்மலின் சக்கர நாற்காலியில் கொளுவிவிட்டு
மறுமுனையோடு நடந்தேன்.
"இழுங்க மிஸ், நான் அசைய மாட்டேன்" என்றான்.

முதல் வரைபடத்தில் அவனுக்கென்று
மூலையில் ஓர் ஊஞ்சல் போட்டிருந்தேன்.
தனி வேலி, தனிக் கதவு, நீலத்தில் ஒரு சின்னம்.
கனநேரம் பார்த்தான்.
"இதுக்குள்ள இருந்தா
என்னைய யாரு புடிக்க வருவாங்க?"
ஓடிப்பிடிக்கும் விளையாட்டில்
பிடிபடுவதும் ஒரு பங்கு என்று
நான் படித்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.
அழித்தேன்.

மணல் போட நினைத்தேன், விழுந்தால் நோகாது.
மணலில் சில்லு புதையும்.
இரும்புச் சறுக்கி நினைத்தேன்.
பன்னிரண்டு மணிக்கு அதில் தோசை ஊற்றலாம்
என்றாள் மூன்றாம் மாடி லூர்தம்மா,
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக.
சறுக்கி மாரா நிழலுக்கு நகர்ந்தது.

நெத்மிக்குக் கண் தெரியாது.
என் தாளை வாங்கி விரலால் தடவி
"ஒன்றுமே இல்லையே" என்று சிங்களத்தில் சிரித்தாள்.
அன்றிரவு ஊஞ்சலை நூலால் ஒட்டினேன்,
சறுக்கியை ஐஸ்கிரீம் குச்சியால்,
பாதையை மைசூர்ப் பருப்பால்.
மறுநாள் அவள் விரல்
பருப்பின் வழியே நடந்துபோய்
நூலில் சட்டென்று நின்றது.
"இதற்கு முன்னமே காலுக்குத் தெரிய வேண்டும்.
இல்லாவிட்டால் ஊஞ்சல் என் பல்லில் இடிக்கும்."
ஊஞ்சலைச் சுற்றிக் கூழாங்கல் பதிக்கக் குறித்தேன்.
நாடியில் ஒரு பருப்பு ஒட்டியபடி போனாள்.

பதினைந்து வயது ஷிமாரா எதுவும் கேட்கவில்லை.
படிக்கட்டில் நின்று பார்ப்பாள், போவாள்.
ஒருநாள் கேட்டாள்:
"ஊஞ்சல் எத்தனை கிலோ தாங்கும்?"
பெரிய பிள்ளை, வீட்டுக்குப் போ என்று
எல்லாப் பூங்காவும் துரத்துகிற வயது.
நூற்றிருபது என்று எழுதினேன்.
எனக்கும் சேர்த்து.

பிறகு கூட்டம்.
பெயர் பொறிக்க நுழைவாயில் வளைவு வேண்டும்
என்றார் ஒருவர்.
வளைவின் விலைக்குச் சரிவுப்பாதை முழுவதும் போடலாம்,
மிச்சத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வரும்
என்று கணக்கைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்தார்.
வளைவைக் கொஞ்சம் குறைத்தார்கள்,
சரிவையும் கொஞ்சம் குறைத்தார்கள்.
சரிவு குட்டையானால் செங்குத்தாகும் என்று
சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது.

ஐப்பசி மழைக்கு இரண்டு நாள் முன் திறப்புவிழா.
வாசலில் மேசன் பாஸ் மூன்று இரும்புத் தூண் நட்டிருந்தார்,
மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க.
தூணுக்கும் தூணுக்கும் இருபத்திரண்டு அங்குலம்.
அக்மலின் நாற்காலி இருபத்தைந்து.
என் வரைபடத்தில் முப்பத்தாறு.
என் வரைபடத்தில்.

ரிப்பன் வெட்டினார்கள்.
பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள்.
அவன் வெளியே இருந்து
இடைவெளியைச் சாணால் அளந்தான்,
ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை.

ஊஞ்சலில் இருந்த நெத்மிதான் முதலில் காலூன்றினாள்.
"அக்மலின் சத்தம் எங்கே?"
ஷிமாரா எட்டிப் பார்த்தாள், இறங்கினாள்,
அவள் பின்னால் இரண்டு பேர், பிறகு ஏழு,
பிறகு லூர்தம்மாவின் இடுப்புப் பிள்ளையும்.
ஓடிப்பிடிப்பது ஒழுங்கையில் தொடங்கிவிட்டது.
உள்ளே மாலைகளும்
மடக்குக் கதிரைகளும் மட்டும்.

"நடுத்தூணை எடுத்தா பைக் வந்துரும் மிஸ்"
என்றார் பாஸ்.
வரட்டும், அதற்கு வேறு வழி பார்க்கலாம் என்றேன்.
தலையைச் சொறிந்துகொண்டு கிரைண்டர் எடுக்கப் போனார்.

நாடாவை விரித்து
மறுமுனை பிடிக்க ஆள் தேடினேன்.
அக்மலுக்கு நேரமில்லை.
அவனைப் பிடிக்க வந்துகொண்டிருந்தார்கள்.